துண்டுத் துணியின் சாட்சியம்

தையற்கடையில் மாலை வேளையில் கூட்டிப் பெருக்கும்போது மேசையின் கீழே பார்த்தால், கைப்பிடி கைப்பிடியாகத் துண்டுத் துணிகள் கிடக்கும். சட்டையின் கைக்குழியை வெட்டியபோது விழுந்த பிறைத் துண்டு, கழுத்தை வெட்டியபோது விழுந்த அரைவட்டத் துண்டு, பாவாடையின் ஓரத்தில் மிஞ்சிய பட்டைத் துண்டு என அவற்றில் பல வடிவங்கள் உண்டு. தறியிலிருந்து வரும் துணிக்கு நான்கு நேரான ஓரங்கள். இறைவன் படைத்த மனித உடலோ முழுவதும் வளைவுகள். இவ்விரண்டையும் பொருத்த முயலும் கத்தரிக்கோலின் கணக்கில் மிஞ்சுவதே இத்துண்டுகள். மனிதர் அளவெடுத்து உடை தைக்கும் காலம் வரை இவையும் விழுந்துகொண்டேதான் இருக்கும்.

நம் அன்னையர் இவற்றை வீணாக்கியதில்லை. அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கும் பிடிதுணி, வாசலில் கிடக்கும் மிதியடி, தலையணை உறை, சிறுமியின் துணிப்பொம்மை, பல நிறத் துண்டுகளை இணைத்துத் தைத்த படுக்கை விரிப்பு என எத்தனையோ பொருள்களை அவர்கள் ஆக்கியிருக்கின்றனர். இந்தச் சிக்கனத்தைப் பற்றி இவ்விதழின் வாசகர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. இன்று நாம் சொல்ல விழைவது துண்டுத் துணியின் வேறொரு பயனை. வாய் திறந்து சொல்ல இயலாத துயரை, எழுதத் தெரியாதவரும் எழுத அஞ்சியவரும் ஊசியைக் கொண்டு சொல்லியிருக்கின்றனர். அவ்வழியை நம் குடும்பங்களும் அறிந்திருப்பது நலம் என்பதே நம் கருத்து.

குருமடத்தில் நாம் பயின்ற காலத்தில், ஒவ்வொருவர் பெட்டியிலும் ஓர் ஊசியும் கறுப்பு, வெள்ளை நூற்கண்டுகளும் இருந்தே தீரவேண்டும் என்பது விதி. அங்கியின் பொத்தான் அறுந்தாலும் மடிப்பு அவிழ்ந்தாலும் அவரவரே தைத்துக்கொள்ள வேண்டும். ஆகவே கைத்தையலைப் பற்றி ஓரளவு அனுபவத்தோடு பேச நமக்கு உரிமையுண்டு. தையற்பொறி ஒரு நிமிடத்தில் முடிப்பதைக் கை ஒரு மணி நேரத்தில் முடிக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் கண்ணுக்கும் விரலுக்கும் வேலையுண்டு. மனம் மட்டும் தன் போக்கில் போய் வரும். பக்கத்தில் அமர்ந்திருப்பவரை நோக்காமலே அவரோடு பேசலாம். நேருக்கு நேர் சொல்ல நாணுகிற செய்தியைக் குனிந்த தலையோடு சொல்லலாம். இரு நண்பர்கள் தங்கள் வீட்டுக் கவலைகளை எம்மிடம் முதன்முதலாகச் சொன்னது, மூவரும் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிறு மாலையிலேதான்.

தையல் ஒருவரைப் பற்றிச் சாட்சி சொல்லும் என்பது திருச்சபைக்குப் புதிய செய்தியன்று. திருத்தூதர் பணிகள் நூலின் 9ஆம் அதிகாரத்தில் யோப்பா நகரத்துத் தபித்தாவைக் காண்கிறோம். தொற்கா என்றும் அவருக்குப் பெயர். அவர் இறந்தபோது, அங்கு வந்த பேதுருவைச் சூழ்ந்து நின்ற கைம்பெண்கள் அவருடைய நற்பண்புகளை அடுக்கிப் பேசவில்லை. அவர் தங்களோடு இருந்த நாளில் செய்து தந்த உடைகளையே அழுதுகொண்டு எடுத்துக் காட்டினர். அந்த உடைகளே அவர்களுக்குச் சொற்களாயின.

நம் நாட்டிலும் இத்தகைய வழக்கங்கள் உள்ளன. வங்காளத்துப் பெண்கள் நைந்த சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஓடு தையலிட்டுப் போர்வையாக்குவர். அதற்குக் காந்தா என்று பெயர். பழைய சேலையின் கரையிலிருந்து உருவிய நூலையே தையலுக்கும் பயன்படுத்துவது அங்கே பழைய வழக்கம். கர்நாடகத்தின் வட கன்னடப் பகுதியில் வாழும் சித்தி மக்கள் ஆப்பிரிக்காவிலிருந்து முற்காலத்தில் வந்தோரின் வழித்தோன்றல்கள். அவர்களுள் இந்துக்களும் இஸ்லாமியரும் கத்தோலிக்கரும் உளர். பழந்துணித் துண்டுகளால் அவர்கள் தைக்கும் போர்வை கவந்தி எனப்படும். ஒரு மூலையில் தொடங்கி ஓரங்களைச் சுற்றிச் சுற்றி வந்து நடுவில் முடிப்பது அவர்கள் முறை. கத்தோலிக்கப் பெண்கள் சிலர் அதில் சிலுவை வடிவையும் சேர்ப்பர். வேலை முடிந்ததும் நான்கு மூலைகளிலும் மடித்த முக்கோணத் துண்டுகளைப் பூவாகத் தைப்பர். அப்பூ இல்லாத கவந்தி உடையின்றி நிற்பதாகும் என்பது அவர்கள் கருத்து. போர்த்திக்கொள்ளும் பொருளுக்கும் ஒரு மானத்தைக் கற்பித்த அந்த எளிய மக்களை நினைத்து நாம் வியப்பதுண்டு.

ஆனால் துண்டுத் துணி ஒரு நாட்டின் வரலாற்றையே தாங்கி நின்ற இடம் ஒன்று உண்டு. அது தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில் நீண்டு கிடக்கும் சிலி நாடு. அங்கே 1973 செப்டம்பர் 11ஆம் நாள் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. தளபதி பினோசேயின் ஆட்சி 1990 மார்ச் வரை நீடித்தது. அவ்வாண்டுகளில் 3,000க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் அல்லது காணாமற்போயினர். இரவில் வீட்டுக் கதவு தட்டப்படும். கணவரோ மகனோ அழைத்துச் செல்லப்படுவார். மறுநாள் மனைவி காவல் நிலையத்துக்கும் சிறைக்கும் மருத்துவமனைக்கும் பிணவறைக்கும் அலைவார். அப்படி ஒருவரைத் தாங்கள் கைது செய்யவே இல்லை என்பதே எங்கும் விடை. செய்தித்தாள்களோ வாயடைத்துக் கிடந்தன.

அந்நாளில் சாந்தியாகோ உயர்மறைமாவட்டத்தின் பேராயராக இருந்தவர் கர்தினால் ராவுல் சில்வா என்ரிக்கஸ். அவரும் பிற சபைத் தலைவர்களும் யூத சமயத் தலைவர்களும் இணைந்து 1973 அக்டோபரில் அமைதிக்கான கூட்டுக்குழு ஒன்றை நிறுவினர். ஆட்சியாளரின் நெருக்கடியால் 1975இன் இறுதியில் அக்குழு கலைக்கப்பட்டது. கர்தினால் தளரவில்லை. 1976 சனவரி முதல் நாளிலேயே தமது உயர்மறைமாவட்டத்தின் பகுதியாக ஒருமைப்பாட்டுப் பணியகத்தை ஏற்படுத்தினார். திருச்சபையின் அமைப்பாகவே நின்றமையால் அதனை எளிதில் மூட ஆட்சியாளரால் இயலவில்லை. சட்ட உதவி, மருத்துவ உதவி, பசித்தோர்க்கு உணவு என்னும் பணிகளோடு, பெண்களுக்கான தையற்கூடங்களையும் அது பேணி வளர்த்தது.

1974இல் கூட்டுக்குழுவின் காலத்திலேயே அக்கூடங்கள் தொடங்கிவிட்டன. காணாமற்போனோரின் தாய்மாரும் மனைவியரும் உடன்பிறந்தாரும், வேலையிழந்தோரின் மனைவியரும் அவற்றுக்கு வந்தனர். வீட்டில் அடுப்பெரியப் பணம் வேண்டும்; கையில் முதலில்லை. ஆகவே மாவுச் சாக்கையும் கோணியையும் அடித்துணியாகக் கொண்டு, கிடைத்த துண்டுத் துணிகளை அதன்மேல் வைத்துக் கையால் தைத்துப் படம் ஆக்கினர். அதற்கு அர்பியேரா என்று பெயர். ஸ்பானிய மொழியில் அச்சொல்லுக்குக் கோணித் துணி என்பதே பொருள். அக்கலை அந்நாட்டுக்கு முற்றிலும் புதிதன்று. வியோலெத்தா பார்ரா என்னும் புகழ்பெற்ற நாட்டுப்புறப் பாடகியார் கோணித் துணியில் கம்பளி நூலால் படங்கள் தைத்து, 1964இல் பாரிசு நகரின் லூவர் அரண்மனையிலுள்ள அலங்காரக் கலைக் காட்சியகத்தில் காட்சிக்கு வைத்திருந்தார்.

இப்பெண்கள் தைத்த படங்களை நாம் முதன்முதலில் ஒரு கன்னியர் காட்டிய நூலில் கண்டோம். முதற்பார்வைக்குச் சிறு பிள்ளைகளின் ஓவியம் போலவே இருக்கும். மேலே ஆண்டிஸ் மலைத்தொடர். அதன்மேல் பெரும்பாலும் ஒரு பொன்னிறச் சூரியன். கீழே வண்ண வண்ணமாய் வீடுகள், மரங்கள், சின்னஞ்சிறு துணிப்பொம்மைகளாய் மனிதர். சுற்றிலும் கம்பளி நூலால் பின்னிய ஓரம். சற்று உற்று நோக்கினால் நெஞ்சு பதைக்கும். அந்த வீடுகளில் ஒன்றின் வாசலில் காவலர் வண்டி நிற்கும். ஆலைக் கதவு பூட்டிக் கிடக்கும். பெண்கள் பொது அண்டாவில் சமைத்துத் தெருப் பிள்ளைகளுக்கு உணவு பங்கிடுவர். காணாமற்போனவரின் உருவத்தை ஏந்தி, அவர்கள் எங்கே என்று கேட்டு நிற்பர். 1978இன் இறுதியில் லோங்கேன் என்னும் ஊரில் கைவிடப்பட்ட சுண்ணாம்புக் காளவாயில் 15 பேரின் எச்சங்கள் கண்டெடுக்கப்பட்டன. 1973இல் கைதான அவர்களைப் பற்றி அதுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்தக் காளவாயும் துண்டுத் துணியில் ஏறியது. சில படங்களில் காணாமற்போனவரின் சட்டையிலிருந்தே வெட்டிய துண்டு இருக்கும். சிலவற்றின் பின்புறத்தில் சிறு பையொன்று தைத்து, அதில் செய்தி எழுதிய தாளைச் செருகியிருப்பர்.

பணியகம் இப்படங்களை விலை கொடுத்து வாங்கி வெளிநாடுகளுக்கு மறைவாக அனுப்பியது. தையல் பெண்களின் பொழுதுபோக்குத்தானே என்று எண்ணியதால், தொடக்கத்தில் அதிகாரிகள் இவற்றைப் பொருட்படுத்தவில்லை. அவர்கள் விழித்துக்கொண்டு ஏசத் தொடங்குவதற்குள், அப்படங்கள் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் எத்தனையோ வீடுகளின் சுவரில் தொங்கின. செய்தித்தாள் சொல்லாததைக் கோணித் துணி சொல்லிவிட்டது. பணியகம் 1992இல் தன் பணியை முடித்துக்கொண்டது. கர்தினால் 1999இல் இறைவனடி சேர்ந்தார். 2010இல் சாந்தியாகோவில் திறக்கப்பட்ட நினைவு மற்றும் மனித உரிமைக் காட்சியகத்தில் அத்துண்டுத் துணிப் படங்கள் இன்று பாதுகாக்கப்படுகின்றன.

அத்தையல் காணாமற்போனவர்களைத் திரும்பக் கொணரவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் உடல்கள் இன்றுவரை கிடைக்கவில்லை. ஆனால் மூன்று நன்மைகள் அதனால் விளைந்தன என்பது நம் கணிப்பு. அடுப்பெரிந்தது, தனித்தனியே அழுதவர்கள் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தனர், அப்படி ஒருவன் இருந்ததே இல்லை என்று ஆட்சி சாதித்தபோது, அவன் இருந்தான் என்பதற்கு அவனுடைய சட்டைத் துணியே சான்றாயிற்று.

இச்செய்தியை நாம் ஏன் இத்துணை விரித்துரைக்கிறோம் என்று வாசகர் வினவலாம். நம் பங்கு கடலோரப் பங்கு. 2017 நவம்பர் 30ஆம் நாள் ஒக்கிப் புயல் குமரிக் கடலைக் கலக்கியதை எவரும் மறந்திருக்க இயலாது. கடலுக்குச் சென்ற பலர் திரும்பவில்லை. அவர்களுள் பலருடைய உடலும் கரை சேரவில்லை. ஆட்சியின் கொடுமை வேறு, கடலின் சீற்றம் வேறு என்பதை நாம் அறிவோம். ஆயினும் கல்லறை இல்லாத துயர் இரண்டிடத்தும் ஒன்றே. நவம்பர் 2ஆம் நாள், கல்லறைத் திருநாளன்று, மற்றக் குடும்பத்தார் தத்தம் கல்லறைகளைக் கழுவி, பூ வைத்து, மெழுகுதிரி ஏற்றுவர். உடல் கிடைக்காதோரின் வீட்டார் எங்கே ஏற்றுவர்? நடுச் சிலுவையடியில் ஏற்றிவிட்டு விரைந்து வெளியேறும் அவர்களை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம்.

அவர்களுள் ஒரு தாய், புயல் கழிந்து ஈராண்டுகளுக்குப் பின் எம்மிடம் வந்தார். கணவரின் சட்டைகள் பெட்டியில் இருப்பதாகவும், யாருக்காவது கொடுத்துவிடு என்று உறவினர் வற்புறுத்துவதாகவும் கூறினார். “குடுக்கவும் மனசில்லை சாமி, பெட்டியைத் திறந்து பாக்கவும் தெம்பில்லை” என்றார். நாம் அவருக்குப் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. சிலி நாட்டுப் படங்கள் இருந்த நூலைக் காட்டி, அவற்றின் கதையை மட்டும் சொன்னோம். அடுத்த சனிக்கிழமை, கன்னியர் நடத்தும் தையல் வகுப்புக்கு அவர் ஒரு சட்டையோடு வந்தார். அதனை வெட்டுவதற்கு அன்று அவருக்குக் கை எழவில்லை. மூன்றாம் வாரத்திலேதான் கத்தரிக்கோலை எடுத்தார்.

பழைய வேட்டித் துண்டின்மேல் மகளின் பள்ளிப் பாவாடையில் மிஞ்சிய நீலத்துணியைக் கடலாக வைத்தார். சட்டைத் துணியை வள்ளமாக வெட்டித் தைத்துக்கொண்டிருந்தபோது, பதினொரு வயது மகன் அருகில் வந்து நின்றான். தந்தையைப் பற்றி அவன் அதுவரை வீட்டில் ஒரு சொல்லும் பேசியதில்லையாம். சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, “அம்மா, அணியம் இவ்வளவு தாழ்ந்து இருக்காது. அப்பா எனக்குக் காட்டியிருக்காவ” என்று சொல்லி, பென்சிலை வாங்கி வள்ளத்தின் முன்புறத்தை உயர்த்தி வரைந்தான். பிறகு வலை எங்கே கிடக்கும், துடுப்பு எங்கே இருக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். தாய் தைத்ததைப் பிரித்து, மகன் வரைந்தபடி மீண்டும் தைத்தார். அன்று மாலை இருள் சூழும் வரை இருவரும் தந்தையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததாகக் கன்னியர் எம்மிடம் கூறினர்.

அப்படம் இன்று அவர்கள் வீட்டில் பாடுபட்ட சுரூபத்தின் கீழே தொங்குகிறது. அது கல்லறையாகிவிட்டது என்று நாம் சொல்ல மாட்டோம். சொன்னால் அவரே மறுப்பார். ஆனால் கல்லறைத் திருநாளன்று அவ்வீட்டில் மெழுகுதிரி ஏற்ற ஓர் இடம் உண்டு.

இதனை நம் இல்லங்களில் தொடங்க விரும்புவோர்க்குச் சில குறிப்புகள். முதற்படம் ஒரு சாண் சதுரத்துக்கு மேற்பட வேண்டாம். பெரிதாகத் தொடங்கியது பெரும்பாலும் பாதியிலே நிற்கும். கோணி, பழைய வேட்டி, மாவுப் பை ஆகிய எதுவும் அடித்துணியாகும். நெய்த பருத்தித் துணியே கைக்கு இணங்கும். பனியன் துணி இழுபடும், வழுக்கும் பட்டுத் துணி பிரியும். புதிய சிவப்பு, கருநீலத் துண்டுகளை முதலில் தனியே நனைத்துப் பார்ப்பது நலம். இல்லையேல் ஒன்றின் சாயம் மற்றொன்றில் ஏறிவிடும்.

தாளில் படத்தை வரைந்துகொண்டு, அதன் உருவங்களைத் துணியில் சுண்ணக்கட்டியால் வரைக. வெட்டும்போது கோட்டுக்கு வெளியே கால் அங்குலம் விட்டு வெட்டி, அதனை உள்ளே மடித்துக்கொண்டால் ஓரம் பிரியாது. வானம், நிலம், கடல் போன்ற பெரிய துண்டுகளை முதலிலும், வீடு, மரம், படகு ஆகியவற்றை அடுத்தும், மனிதரை இறுதியிலும் தைக்க வேண்டும். துண்டுகளை இருத்துவதற்கு ஓடு தையலும், மடித்த ஓரத்தைப் பதிப்பதற்கு நெருக்கமான விளிம்புத் தையலும் போதும். கயிறு, கிளை போன்ற கோடுகளுக்குக் காம்புத் தையல் அழகு தரும். சுற்றோரத்தைக் கம்பளித் தையலால் முடிக்கலாம். தையல் கோணலாக இருந்தால் பிரிக்க வேண்டா. பின்புறத்தில் தைத்தவரின் பெயரையும் நாளையும், எந்தத் துண்டு யாருடைய உடையிலிருந்து வந்தது என்பதையும் எழுதித் தைத்து வைக்க மறவாதீர்கள். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் பேரப்பிள்ளைகள் முதலில் புரட்டிப் பார்க்கப்போவது பின்புறத்தையே.

பெற்றோர்க்கு மேலும் இரண்டு வார்த்தைகள். ஆண்பிள்ளைகளையும் அருகில் அமர்த்துங்கள். வலை பின்னவும் கிழிந்த வலையைச் சீராக்கவும் தெரிந்த நம் கடலோர ஆண்களுக்கு ஊசிவேலை இழுக்கு என்று எவர் சொல்ல முடியும்? அடுத்து, துயருற்றவரைத் தைக்கும்படி வற்புறுத்தாதீர்கள். ஒருவருடைய உடையை வெட்டுவது எளிய செயலன்று. துணியையும் ஊசியையும் நூலையும் அருகில் வைத்துவிட்டு, நீங்களும் ஏதேனும் ஒன்றைத் தைத்துக்கொண்டு அமருங்கள். அவர் கை நீட்டும் நாளில் நீட்டட்டும்.

எல்லாப் படங்களும் துயரத்தையே சொல்ல வேண்டும் என்பதுமில்லை. இடித்துக் கட்டப்போகும் பழைய வீடு, வெட்டப்பட்ட வேப்பமரம், பாட்டி அமர்ந்து செபமாலை சொன்ன திண்ணை, மூத்த மகளின் முதல் நன்மைப் பட்டாடையின் மிஞ்சிய ஓரம் என ஒவ்வொரு குடும்பத்திலும் மறைந்துகொண்டிருக்கும் செய்திகள் ஏராளம். எழுதி வைப்போம் என்று எண்ணுகிறோம், எழுதுவதில்லை. நிழற்படங்கள் கைப்பேசியில் ஆயிரக்கணக்கில் சேர்ந்து, கைப்பேசி பழுதாகும் நாளில் ஒருங்கே மறைகின்றன. கையால் தைத்த ஒரு சாண் துணியோ பெட்டியின் அடியில் கிடந்தாலும் தன் செய்தியை விடாது.

ஆகவே, அன்பார்ந்த குடும்பத் தலைவியரே, தலைவர்களே, வரும் கல்லறைத் திருநாளுக்கு முன் ஒரு மாலை, வீட்டிலுள்ள துண்டுத் துணிப் பையைப் பாயில் கொட்டுங்கள். பிள்ளைகளை அழைத்து, இது யாருடைய சட்டை, இது எந்தத் திருவிழாவுக்கு எடுத்த பாவாடை என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். மறைந்தவரின் பெயர் அங்கே தானாகவே வரும். பிறகு ஊசியில் நூல் கோத்து, முதல் துண்டை அவர்கள் கையிலேயே கொடுங்கள்.